ஆளுக்கொரு ஆசிலோஸ்கோப்

“இவரு எடுக்கறது எனக்கு வேணாம். எனக்குன்னு தனியா ஒண்ணு காட்டுங்க” என்றாள் ஜோவிதா.

ஒரகடத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த நம்பிராஜனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. இந்த வாரத்துக்குள், மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் இரண்டாவது விற்காவிட்டால், கடையை மொபைல் கவர் கடையாக மாற்றியே தீரவேண்டும் என்று மனைவி சரோஜா கெடு வைத்திருந்தாள். இன்று சனிக்கிழமை. புருஷன் பெண்டாட்டி சண்டை வாழ்க என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற ஜெபர்சன் உள்ளங்கை அளவு ஸ்கோப் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். “விலை கம்மி. வூட்ல சும்மா சர்க்யூட் பண்ண இது போதும்.”

“இன்னாது, இதுவா? ஒரே சேனல். உள்ள போற சிக்னலையும் வெளிய வர்றதையும் சேத்துப் பாக்கணும்னா இன்னா பண்ணுவீங்க, வெத்தலயில மை போட்டுப் பாப்பீங்களா?”

“நீங்க எடுத்து வெச்சிருக்கறது மட்டும்? நாலு சேனல், இருநூறு மெகாஹெர்ட்ஸ். ராக்கெட் வுடப் போறீங்களா?”

“ஆம்ப்ளிஃபையர் பண்றேன்.”

“அதுக்கு அம்பதே ஜாஸ்தி. உங்க கம்பெனியில யாரும் சொல்லித் தரலையா?”

ஜோவிதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இருவரும் ‘நீங்க’ போட்டுப் பேசுவதிலிருந்தே சண்டை முற்றிவிட்டது என்று நம்பிராஜனுக்குப் புரிந்தது. அவன் வீட்டிலும் அப்படித்தான். சரோஜா மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் அன்றைக்குச் சோறு கிடையாது.

வாசலில் பட்டுப் புடவையில் இரண்டு அம்மாக்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். மூன்று ஆட்டோ வந்து நின்றும் ஏறவில்லை. நம்பிராஜனுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை.

“சார், மேடம், நான் சொல்றதக் கேளுங்க. ரெண்டு சேனல், அம்பது மெகாஹெர்ட்ஸ். கைக்கும் அடங்கும், பைக்கும் அடங்கும். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கினா சண்டையே வராது பாருங்க!”

முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். “இவருக்குக் கூட ஒரு வழியாப் புரிஞ்சிடுச்சு” என்றாள் அவள். “மேடம் இறங்கி வந்துட்டாங்க” என்றான் அவன்.

அவர்கள் மனம் மாறுவதற்குள் நம்பிராஜன் இரண்டு பெட்டிகளையும் மேஜைமேல் இறக்கினான். சரோஜாவிடம் எந்தக் குரலில் விஷயத்தைச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டான்.

அப்போது பட்டுப் புடவைகளில் ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. “ஜோவி, பையனோட அம்மா பதில் கேக்கறாங்க. இன்னாம்மா சொல்ல?”

ஜோவிதா ஒரு பெட்டியை நம்பிராஜன் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

“ஒரே வூட்டுக்கு ரெண்டு எதுக்கும்மா?”