எரிகிற அட்டை வீடு

சிட்னிப் படப்பிடிப்புத் திடலில் அட்டை வீடு மூன்றாம் முறையாக எரிகிறது. 'ஊரார் திரும்பிப் பாராமல் ஓடுகிறார்கள்' என்பது, தன் மாயாஜால நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதிய அமெரிக்கர் வால்டரின் வரி. கூட்டத்தில் ஓட வந்த யாழ்ப்பாணத்துப் பவளம் மட்டும் பாதியில் நின்று திரும்பிவிடுகிறார். "கட்!" என்று கத்துகிறார் இயக்குநர். "ஏன் அன்ரி நிக்கிறியள்?" என்கிறாள் கூட ஓடிய யோகா. "எங்கட ஊர் எரிஞ்ச அண்டைக்குத் திரும்பிப் பாத்திருந்தா, பின்னால வந்த பிள்ளை விழுந்ததைக் கண்டிருப்பன்." யோகா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வால்டர் இயக்குநரிடம் ஓடி, அந்த வரியை நீக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். இயக்குநர் அவர் தோளில் கைவைத்து, மங்கிக்கொண்டு வரும் வானத்தைக் காட்டுகிறார். மறுபடி தீ மூட்டுகிறார்கள். வெறுங்கையோடு திரும்பும் வால்டரிடம், முகத்துச் சாம்பலைத் துடைத்தபடி பவளம் சொல்கிறார்: "குறை நினையாதேங்கோ ஐயா, இந்தமுறை திரும்ப மாட்டன்."