தர்ஷினி டீச்சரின் மாணவி

"இது 'ம'வா, 'வ'வா? எத்தனை வாட்டிம்மா உனக்குச் சொல்றது?"

சோபா மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் ஸ்கேலை ஆட்டியபடி கேட்டாள் நாலாம் வகுப்பு தர்ஷினி.

கீழே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அவள் அம்மா வீணா, கன்னடப் பாடப் புத்தகத்தைத் திருதிருவென்று பார்த்தாள்.

"'ம' தானே மிஸ்?"

"தப்பு. 'வ'. இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணுமே படிக்கல நீ. எந்திரி, தோப்புக்கரணம் போடு."

ஆபீஸில் ஒரு டீமையே மேய்க்கிற வீணா, காதைப் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்து எழுந்தாள்.

அடுக்களையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த கவியரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளை இப்படி அதட்டுகிற பிள்ளையை எந்த அப்பாவுக்குத்தான் பிடிக்கும்?

வகுப்பு முடிந்து வீணா உள்ளே வந்ததும் ஆரம்பித்தான்.

"இதெல்லாம் உனக்கே நல்லாயிருக்கா? இதே ஊர்ல, நீலசந்திராவுல பிறந்து வளர்ந்தவ நீ. பத்தாவது வரைக்கும் கன்னட மீடியம். உங்க தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவ. உனக்கு 'ம'வும் 'வ'வும் தெரியாதா?"

"மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் கேட்டுடப் போகுது."

"கேக்கட்டுமே. உட்கார வச்சு நீ சொல்லிக் கொடுக்க வேண்டியதுதானே?"

"கொடுத்தேனே, மறந்துட்டீங்களா? புக்கை எடுத்தாலே வயித்து வலி. ரெண்டு வரி படிக்கறதுக்குள்ள கொட்டாவி. டெஸ்ட்ல ஃபெயிலாகி, மமதா மிஸ் கூப்பிட்டு அனுப்பினாங்களே, அன்னைக்கு எவ்வளவு அழுதா. எனக்கு கன்னடம் வராது, வராதுன்னு."

கவியரசன் மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். திண்டிவனத்திலிருந்து வேலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் 'கன்னட கொத்தில்லா', கன்னடம் தெரியாது என்பதைத் தாண்டாதவன் அவன். இந்த விஷயத்தில் வாய் திறக்க அவனுக்கு யோக்கியதை கிடையாது.

"அதான், எனக்குப் பேசத்தான் வரும், படிக்க வராது, நீ சொல்லித் தர்றியான்னு கேட்டேன். இப்போ எனக்குப் பாடம் எடுக்கணுமேன்னு கிளாஸ்ல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்றா."

"அதுக்காகப் பிள்ளையை ஏமாத்தணுமா? நாளைக்குத் தெரிஞ்சா நம்ம மேல நம்பிக்கையே போயிடும்."

"நல்லா படிக்க ஆரம்பிக்கட்டும், நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க எதையும் உளறி வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்."

சப்பாத்தி மாவுக்குத்தான் அன்று கூடுதலாக இரண்டு குத்து விழுந்தது.

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். வீணாவுக்கு ஆபீஸில் தலைபோகிற வேலை என்பதால் கவியரசன் மகளோடு போனான்.

மமதா மிஸ் விடைத்தாளை நீட்டியபோது அவனால் நம்பவே முடியவில்லை. கன்னடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

"மனெலி யாரு ஹேள்கொட்தாரெ?"

வீட்டில் யார் சொல்லித் தருகிறார்கள் என்று கேட்கிறார். அது புரிந்தது. பதிலுக்குக் கன்னட வார்த்தை தேடினான்.

அதற்குள் தர்ஷினி முந்திக்கொண்டு கன்னடத்தில் படபடவென்று ஏதோ சொன்னாள். மிஸ் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அவங்க அம்மாக்கு இவதான் டீச்சர் சொல்றா. ஸ்டூடண்ட் கொஞ்சம் மக்குன்னு சொல்றா சார்."

கவியரசனும் சிரித்து வைத்தான். ஆனால் மகள் முகத்திலிருந்த பெருமையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு மனசு என்னவோ செய்தது. இந்தச் சந்தோஷம் முழுக்க ஒரு பொய்யின் மேல் நிற்கிறது. நாளைக்கு வேறு யாராவது போட்டு உடைத்தால் குழந்தை எப்படித் தாங்கும்? அதை நாமே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று முடிவு செய்தான்.

திரும்பும் வழியில் ஜூஸ் கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி, அவளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான்.

"தர்ஷும்மா, அப்பா ஒண்ணு சொல்லுவேன். அம்மா மேல கோவப்படக் கூடாது."

"அம்மாவுக்கு கன்னடம் எழுதப் படிக்க நல்லாத் தெரியும். அதானேப்பா?"

ஸ்ட்ராவைச் சப்பியபடி சர்வ சாதாரணமாகச் சொன்னாள். கவியரசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கோயில் போர்டுல கன்னடத்துல மட்டும்தான் எழுதியிருந்துச்சு. அம்மா ஒரு பார்வை பார்த்துட்டு, நாளைக்கு கிரகணம், நடை சாத்திடுவாங்க, இன்னைக்கே அர்ச்சனை பண்ணிடலாம்னு சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"இது எப்போ?"

"நான் பாடம் எடுக்க ஆரம்பிச்ச புதுசுலயே."

"அப்புறமும் தெரியாத மாதிரியே இருக்கியா? ஏம்மா?"

தர்ஷினி சுற்றும் முற்றும் பார்த்தாள். அம்மா அங்கேயே எங்கோ நிற்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. அம்மா எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டேதான் சொல்லுவாங்க. நான் டீச்சரா இருக்கறப்போ மட்டும்தான் என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."