கோடில்லாத குப்பி

இரவெல்லாம் மழையில் நனைந்து நின்ற ஒற்றை எஞ்சின் விமானத்தின் இறக்கையிலுள்ள டாங்கியின் அடியிலிருந்து நிலோஃபர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோல் பிடித்தாள். அன்றுதான் அவள் முதன்முறையாகத் தனியே பறக்கப்போகிறாள். டாங்கிக்குள் மழைநீர் இறங்கியிருந்தால் அது பெட்ரோலுக்கு அடியில் போய்த் தங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத்தான் எல்லோரும் தேடுவார்கள். பயிற்சியாளர் தேவசகாயம் குப்பியை வாங்கி, மூட்டம் போட்டிருந்த வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"கோடு தெரியுதா சார்?"

"கோடே இல்லம்மா. சுத்தமா இருக்கு. தைரியமா கெளம்பு."

ஷெட்டின் உலர்ந்த சிமெண்டுத் தரையில் குப்பியைக் கவிழ்த்தார். அது அவருடைய வழக்கம். கொட்டிய பெட்ரோல் கொஞ்ச நேரத்தில் தடமே இல்லாமல் ஆவியாகிவிடும்.

விமானம் எழுந்து சவுக்குத்தோப்புக்கு மேலே போனபோது அதன் சத்தம் நின்றது. விழுந்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

தோப்புக்கு ஓடியவர்களில் தேவசகாயம் மட்டும் முதலில் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் சேறு. முகம் கழுவலாம் என்று ஷெட்டுக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கவிழ்த்த இடம் உலரவே இல்லை. சின்னக் குட்டையாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிட்டுக்குருவி உட்கார்ந்து, அலகை நனைத்து, தலையைத் தூக்கி, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது.