எதிர் நாற்காலி

"இன்னிக்காவது நான் சொல்றதை முழுசாக் கேட்பீங்களா?"

கேட்டுவிட்டு அவள் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்தாள். மாலை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளக் கிடத்தியிருந்தது. பிரம்பு நாற்காலி முனகியது. பிறகுதான் பதில் வந்தது.

"கேட்கத்தானே உட்கார்ந்திருக்கேன். சொல்லு."

"போனு?"

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும்."

"அடேயப்பா! இன்னிக்கு மழை கொட்டப் போகுது." அவள் சிரித்தாள். "அறை வாசல்ல திரை மாத்தி ஒரு மாசமாச்சு. கண்ணுல பட்டுச்சா?"

"படாம? பச்சைதான் உனக்கு எப்பவும் பிடிக்குமே."

அவள் கணவர் உலகறிந்த உளவியல் நிபுணர். மருந்துக் கடை ஒன்றின் பின்னறையில், இந்த இரண்டு பிரம்பு நாற்காலிகளோடுதான் தொழிலைத் தொடங்கினார். தம்பியோடு பேச்சை முறித்து, பேசாமலே அவனைப் பறிகொடுத்த தச்சர் ஒருவர் முதலில் வந்தார். அவரை ஒன்றில் அமர்த்தி, வெறுமையான மற்றொன்றைக் காட்டி, "தம்பி அங்கதான் இருக்கார். மனசுல உள்ளதைச் சொல்லுங்க" என்றார். சொல்லி முடித்ததும் இடம் மாறி உட்காரச் செய்தார். தம்பியின் இடத்திலிருந்து தச்சர் தாமே தமக்கு மறுமொழி கூறியபோது, கல்லாய் உறைந்திருந்தது கண்ணீராய்க் கரைந்தது.

அம்முறை பல நாடுகளில் பாடமாயிற்று. பின்னறை பெரிய நிறுவனமாயிற்று. நாற்காலிகள் மட்டும் வீடு வந்து சேர்ந்தன. சுவரில் மாட்டியிருந்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள். "உங்களைச் சொல்லலைங்க. பல்லியைச் சொன்னேன்."

பிரம்பு முனகியது.

"எந்தப் பல்லின்னு எனக்குத் தெரியாதா? பேச்சை மாத்தாதே. கழுத்துல என்ன? கை அடிக்கடி அங்கேயே போகுதே."

இக்கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாளும் ஏங்கியிருந்தாள். கண் நிறைந்தது.

"கட்டிங்க. நாளைக்குக் காலைல ஆபரேஷன். கூட யார் வர்றாங்கன்னு நர்ஸ் கேட்டா. வாய் தவறி, 'வீட்டுக்காரர்'னு சொல்லிட்டேன்."

பிரம்பு மறுபடி முனகியது.

"இதுல வாய் தவற என்ன இருக்கு? நான் வராம வேற யார் வருவா? மயக்கம் தெளிஞ்சு நீ கண்ணைத் திறக்கிறப்ப, பக்கத்துல நான் இருப்பேன்."

"பயமா இருக்குங்க."

"இருக்கத்தான் செய்யும், கண்ணு. எனக்கும்தான்."

வெடித்துக் கிடந்த வயலில் முதல் துளி விழுந்தாற்போல் அவளுக்கு உள்ளம் குளிர்ந்தது. இவ்வளவு போதும் என்றிருந்தது.

வாசற்கதவில் சாவி திரும்பியது.

பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு, போனைக் காதோடு அணைத்தபடி, உலகறிந்த அந்த நிபுணர் உள்ளே வந்தார். "ஆமா, விடியறப்பவே ஏர்போர்ட் போயிடுவேன். தொடக்க உரை என்னோடதுதானே? நான் இல்லாம எப்படி?" என்று சொல்லி முடித்து, பச்சைத் திரையை நிமிர்ந்தும் பாராமல் ஒதுக்கினார்.

"பேச்சுக் குரல் கேட்டுச்சே. யார்கூடப் பேசிட்டிருந்தே?"

அதற்குள் போன் மறுபடி அடித்தது. விடைக்குக் காத்திராமல் அதை எடுத்துப் பேசிக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் அவருடைய நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். தன்னுடைய நாற்காலிக்கு வந்து அமர்ந்து, வெறுமையாகிவிட்ட எதிர் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்:

"உங்ககூடத்தான்."