காற்றில்லாத தெரு

புது லைட்டர் வாங்குவதைவிடப் பழையதற்கு கேஸ் ஏற்றிக்கொள்வது அந்த ஊரில் மலிவு; சுற்றுலா வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. நடைபாதைக் கடைக்காரி தங்கதுரையின் லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சுடுகாட்டிலிருந்து தம்பி வீடியோவில் அழைத்தான். தங்கதுரை போனைச் சிகரெட் பெட்டிகள்மேல் சாய்த்து வைத்தான். சிதையில் அப்பா.

"டிக்கெட் கெடைக்கலைன்னா நீ என்ன பண்ணுவ, விடுண்ணே. ஒனக்குப் பதிலா நான் கொள்ளி வைக்கிறேன். கடைசியா ஒரு தடவ அப்பா மொகத்த நல்லாப் பாத்துக்க."

தங்கதுரை டிக்கெட் கேட்டுப் பார்க்கவே இல்லை. பணம் கட்டிய சுற்றுலா இன்னும் முடியவில்லை.

கடைக்காரி லைட்டரை நீட்டினாள். அங்கே தம்பி சிதைக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தான். இங்கே தங்கதுரையும் போனுக்கு முதுகைக் காட்டி நின்று, லைட்டரைப் பற்றவைத்துக் கையைப் பின்னால் நீட்டினான். தெருவில் காற்றே இல்லை. ஆனாலும் கடைக்காரி எழுந்து, சுடர் அணைந்துவிடாதபடி இரு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, எங்க போயிட்ட? மூஞ்சியக் காட்டுண்ணே."

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கட்டைவிரல் சுட்டது. அவன் எடுக்கவில்லை.