பதினோராவது ஆல்பம்

“உலகத்துல கேட்க வேண்டிய ஆல்பம் மொத்தம் பதினொண்ணுதான் மாப்ளே. மத்ததெல்லாம் வட்டமா வெட்டின பிளாஸ்டிக்.”

தேற்றத்தை நிரூபிக்கும் குரலில் சொன்னார் கணக்கு வாத்தியார். பதினொன்றும் பழைய ராக். அதில் பத்து, அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அகர வரிசையில் இருந்தன. பதினோராவது, அவர் மனைவியின் தம்பி நடத்தும் இந்த இசைத்தட்டுக் கடையில், கல்லாவுக்குப் பின்னால், ‘விற்பனைக்கு அல்ல’ என்ற சீட்டோடு மூன்று வருடமாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் மெதுவா மாமா. அங்க ஒருத்தர் லத்தீன் ஜாஸ் வரிசையில பார்த்துட்டு இருக்கார்.”

“அடப்பாவமே.” வாத்தியார் நேராக அந்த வாடிக்கையாளரிடம் போனார். “தம்பி, இது ஆறு பேர் சேர்ந்து பாத்திரம் உருட்டற சத்தம். கேட்டா கால் தானா ஆடும். காலாட்டிக்கிட்டே கேக்கறவன் பாட்டு கேக்கல, கொசு ஓட்டறான்.”

வாடிக்கையாளர் கையில் இருந்ததை வைத்துவிட்டு வெளியே போனார். அந்த மாதத்தில் அவர் மூன்றாவது ஆள்.

கடைக்காரர் அதே வரிசையிலிருந்து ஒரு ஆல்பத்தை உருவினார். மஞ்சள் அட்டை. அதில் ஒரு குண்டு மனிதர் கோங்கா மேளத்தைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரம் இதை வீட்டுல வச்சுக் கேளுங்க மாமா. பிடிக்கலைன்னா இதைத் திருப்பிக் கொடுத்துட்டு, உங்க பதினொண்ணாவதைச் சும்மாவே எடுத்துட்டுப் போங்க. பிடிச்சுட்டா இது உங்களுக்கு. ஆனா பதினொண்ணாவது பேச்சை அப்புறம் எடுக்கக்கூடாது.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பிடிக்காமல் போவதற்குப் பரிசு என்றால், அந்தத் துறையில் அவருக்கு முப்பது வருட அனுபவம்.

எட்டாம் நாள் காலை கடைக்கு வந்தார்.

“கேட்டீங்களா மாமா?”

“ரெண்டு பக்கமும் கேட்டேன். தலைவலி மாத்திரை ரெண்டு அட்டை தீர்ந்துபோச்சு. உங்க அக்காவையே கேளு.”

“கேக்கட்டுமா?”

“வேணாம். அவளுக்கும் தலைவலி.”

“ஒரு பாட்டுகூடவா பிடிக்கல?”

“ஒரு தட்டுகூட, ஒரு ஊதல்கூட.” மஞ்சள் அட்டையைக் கல்லா மேல் வைத்தார். அதன் வாயைச் சுற்றி மூன்று சுற்று டேப்.

“எதுக்கு மாமா இவ்வளவு டேப்?”

“வழியில சத்தம் வெளிய வந்துடக்கூடாது பாரு.”

கடைக்காரர் பதினோராவதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்; பழுப்புத் தாளில் நன்றாகச் சுற்றிக்கொண்டு வந்தார். “பந்தயம்னா பந்தயம்தான். வீட்டுக்குப் போய்ப் பிரிங்க, தூசி பட்டுடும்.”

“உன்னை மாதிரி நேர்மையான ஆள் இந்தத் தொழில்ல அபூர்வம் மாப்ளே” என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று வேகமாகவே நடந்தார் வாத்தியார்.

வீட்டில் தாளைப் பிரித்தார். அட்டை பதினோராவதுதான். உள்ளே இருந்த தட்டை உருவினார். நடுவில் ஒட்டியிருந்த லேபிளில், அதே குண்டு மனிதர் அதே கோங்காவைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார். கீழே ‘இரண்டாம் பாகம்’ என்று எழுதியிருந்தது.

சொந்த மாமனிடமே மோசடி. வாத்தியார் போனை எடுத்து அடித்தார்.

“சொல்லுங்க மாமா, பிரிச்சாச்சா?” என்றது மறுமுனை, சாவதானமாக. “நானும் இப்பத்தான் டேப்பைப் பிரிச்சுட்டு இருக்கேன். இன்னும் ஒரு சுற்று பாக்கி.”

வாத்தியார் போனை மெல்ல வைத்தார்.

“யாருங்க போன்ல?” மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“ராங் நம்பர்.”

கண்ணாடி அலமாரியில் மிச்சமிருந்த ஒன்பது ராக் ஆல்பங்களுக்கும், உள்ளே தட்டில்லாத பத்தாவது அட்டைக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ரெக்கார்ட் பிளேயரில் ஒரு வாரமாக இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்த முதல் பாகத்தை எடுத்துவிட்டு, இரண்டாம் பாகத்தை வைத்தார். கொசு ஓட்ட ஆரம்பித்தார்.