ஏழாவது குழி

பழைய காரின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஹப் தேய்ந்துபோனதால் இளவரசு வாசலில் உட்கார்ந்து தானே புதியதை மாட்டினான். மாட்ட வேண்டிய நட்டுகளையும் புதிய காட்டர் பின்னையும் வரிசை மாறாமல் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்திருந்தான். "குழியெல்லாம் காலியானா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்றான் மனைவியிடம். "ஏங்க, நாளைக்கு நட்டுதான் டிபனா? சட்னி அரைக்கவா?" என்றாள் சுகந்தி. அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம், எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் கவிழ்த்துவிட்டுத் தட்டை எடுத்துப் போனாள். தாளில் இருந்தவை தீர்ந்ததும் அவன் கையைத் துடைத்துக்கொண்டு, மகள் பூவிழியை முன்னால் உட்கார வைத்து, தெரு மேடு வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்த சுகந்தியின் விரலில் ஏதோ குத்தியது. ஏழாவது குழியின் கிரீஸில் அந்தக் காட்டர் பின் ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் நடு நட்டு கழன்றுவிடாமல் பூட்டுகிற பின். மாட்டியதும் மடக்கிவிட வேண்டிய அதன் இரண்டு கால்களும் நேராகவே இருந்தன. போன் செய்தாள், அவனுடைய போன் ஜன்னலோரத்தில் அடித்தது. தெருவுக்கு ஓடினாள். மேட்டின் உச்சியில் கார் திரும்பி இறங்கத் தொடங்கியிருந்தது. நுரை வழியும் கைகள் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். காருக்குள்ளிருந்து பூவிழியும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். இளவரசு செல்லமாக இரண்டு முறை ஹாரன் அடித்தான். கார் அவளை நோக்கி வேகமெடுத்தது.